கேமராவுக்கு ஊறுகாய் வாடை எதற்கு?

பரணில் அப்பா வாங்கிய பழைய கேமரா. பீரோ அடித்தட்டில் நெகட்டிவ் கவர்கள். மேசை மேல் புது டிஜிட்டல் கேமரா. படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பல வீடுகளில் இதுதான் நிலவரம். லென்ஸ் வாங்கக் காட்டும் அக்கறையில் கால் பங்கை அதை வைக்கும் டப்பாவுக்கும் காட்டினால், அந்தக் கேமரா பேரன், பேத்தி கைக்கும் போய்ச் சேரும்.

இந்தப் பொழுதுபோக்கு நமக்குப் புதிதல்ல. மெட்ராஸில் 1857-லேயே புகைப்பட ஆர்வலர்களுக்குச் சங்கம் இருந்தது. எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன் (1912-1996), வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்திய கனமான கேமராவோடு காடு காடாக அலைந்து, விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்தார். வயதானபோதும் அந்த ஆர்வம் குறையவில்லை.

எதிரி ஈரம்தான்

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை வேறு. காற்றின் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும்.

கொல்லிமலைக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வந்தவுடன், குளிர்ந்த கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வெக்கை பட்டதும் கண்ணாடி வியர்த்துவிடும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

டப்பா போதும்... வாடை கூடாது!

கேமராவைப் பாதுகாக்க விலை உயர்ந்த அலமாரி தேவையில்லை. ரப்பர் வளையம் வைத்த, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆனால், வீட்டில் சும்மா இருப்பது பெரும்பாலும் ஊறுகாய் டப்பாவோ மசாலா டப்பாவோதான். பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் பத்து முறை கழுவினாலும் வாடை போவதில்லை.

* மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். பாதி வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும்.
* பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டு எண்ணெய்ப் பசையை முதலில் போக்குங்கள்.
* ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து உள்ளே பூசி, ஓர் இரவு விட்டுக் கழுவுங்கள்.
* திறந்தபடி ஒரு நாள் வெயிலில் காயட்டும்.
* இன்னும் வாடை இருந்தால், கசக்கிய செய்தித்தாளும் துணியில் முடிந்த அடுப்புக்கரியும் போட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள்.

வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். இத்தனைக்கும் மசியாத டப்பாவை ஆணி, ஸ்க்ரூ போட வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் இழுக்க அரிசி வேண்டாம், தூசி லென்ஸில் ஏறும். பாச்சை உருண்டையும் வேண்டாம். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால், புதிது மாற்றுங்கள். குழந்தைகள் கையில் எட்டாமல் வைப்பது முக்கியம்.

இந்த வாடையைக் கழுவ முடியாது

பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர்போல புளித்த வாடை அடிக்கிறதா? குற்றம் பெட்டியில் இல்லை. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அது பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும்.

அந்தச் சுருள்களை உடனே தனியே பிரித்து, காகித உறையில் போட்டு, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். சிதைவைத் தாமதப்படுத்தலாம், திருப்ப முடியாது. ஆகவே, சுருங்கி வளைவதற்குள் ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். தாத்தாவின் கல்யாணப் படத்துக்கு வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம்.

மழைக்காலம் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண் பெட்டியை இறக்குங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள்!