விண்மீன் விட்டுச்சென்றவை

பெரிய விண்மீன் தன் வாழ்நாளின் முடிவில் வெடித்துச் சிதறுவதைச் சூப்பர்நோவா என்பர். அவ்வொளி சில மாதங்களில் மங்கிவிடும். சிதறிய வளிமமோ பல இலட்சம் பாகை வெப்பத்துடன் பல்லாயிரம் ஆண்டுகள் ஊடுகதிர்களை உமிழும். அக்கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், அவற்றைக் காணத் தொலைநோக்கியை விண்ணில் நிறுவவேண்டும்.

1999இல் நாசா ஏவிய 'சந்திரா' தொலைநோக்கி அத்தகையது. சென்னையில் பயின்று, விண்மீன்களின் இறுதிநிலையை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கியுள்ளது. ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள காசியோப்பியா ஏ என்னும் எச்சத்தை அது படம்பிடித்தது.

ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய ஆற்றலுடைய ஊடுகதிரை உமிழும். அதனைக்கொண்டு சிலிக்கான், கந்தகம், கால்சியம், இரும்பு ஆகியவை பரவிய இடங்களை அறிஞர்கள் தனித்தனி வண்ணத்தில் வரைந்தனர். நம் எலும்பிலுள்ள கால்சியமும் குருதியிலுள்ள இரும்பும் இவ்வாறு வெடித்த பண்டை விண்மீன்கள் விண்ணில் பரப்பியவையே.