உங்களுக்குத் தெரியுமா? பி0420 வந்தால் கன்வெர்ட்டர் போய்விட்டதா?

★ அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் சிறிய டிரக்குகளுக்கும் ஓ.பி.டி.-2 என்ற சுயபரிசோதனை முறை கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண் வந்துவிடும். வயதான பிக்கப் டிரக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் எண் பி0420. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். ஏன் குறைந்தது என்று அந்த எண் சொல்லாது. அதைத் தேடாமல் புதுக் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினால், பெரும்பணம் செலவான பிறகும் அதே செக் இன்ஜின் விளக்கு மறுபடி எரியும்.

★ வண்டியின் கம்ப்யூட்டர் புகையில் இருக்கும் நச்சை அளப்பதே இல்லை. அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும்தான். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தோடு சீரியம் ஆக்சைடும் பூசியிருப்பார்கள். ஆக்சிஜன் மிஞ்சும்போது சீரியம் பிடித்து வைத்துக்கொள்ளும், பற்றாதபோது எடுத்துக் கொடுக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்சென்சார் 0.6, 0.7 பக்கத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால், சேர்த்துவைக்கும் சக்தி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டுகிறது.

இதை நாமே பார்க்கலாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்.பி.எம்.மில் ஓரிரு நிமிடம் நிறுத்தி, ஸ்கேனர் திரையில் இரண்டு கோடுகளையும் ஒன்றாக ஓடவிட்டால் போதும். டொயோட்டாவின் பல மாடல்களில் முன்சென்சார் வேறு வகை என்பதால் அதில் இந்த அலை தெரியாது. அங்கே பின்கோட்டை மட்டும் கவனிக்க வேண்டும்.

★ வி6, வி8 இன்ஜின்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். முதல் சிலிண்டர் இருக்கும் பக்கத்துக்கு பி0420, மறுபக்கத்துக்கு பி0430. ஃபோர்டு வி8-இல் முதல் சிலிண்டர் பயணி பக்கம். செவ்ரோலே வி8-இல் ஓட்டுநர் பக்கம். பக்கம் மாற்றிக் கழற்றியவர்கள் உண்டு! இரண்டு எண்ணும் சேர்ந்தே வந்தால், எரிபொருள் கலவை போல இரு பக்கத்துக்கும் பொதுவான காரணத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

★ குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் வந்து, சூடானதும் அடங்கிவிடுகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம். பழைய வி8 டிரக்குகளில் அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து முறிவது சகஜம். உலோகம் சூட்டில் விரிந்ததும் இடைவெளி அடைபட்டு சத்தம் நின்றுவிடும். அதனால்தான் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றும் கேட்பதில்லை. புகை விட்டுவிட்டுத்தான் பாய்கிறது. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கும்போது, அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். அதில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றிவிடும். நல்ல கன்வெர்ட்டர் மேல் பழி விழுவது இப்படித்தான். வண்டி குளிர்ந்திருக்கும்போதே இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

★ கன்வெர்ட்டர் தானாகச் சாவதைவிட, இன்ஜின் அதைக் கொல்வதுதான் அதிகம். செக் இன்ஜின் விளக்கு நின்று எரியாமல் சிமிட்டினால், மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரை அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அதன் பீங்கான் தேன்கூடு கார்டியரைட் என்ற பொருளால் ஆனது. சுமார் 1450 டிகிரி செல்சியஸில் அதுவே உருகிவிடும். தயவுசெய்து வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரம் கட்டுங்கள். இன்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் உள்பூச்சின் மேல் படலமாகப் படியும். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தாலும் கெடுதல்தான்.

★ அந்தப் பீங்கான் தேன்கூட்டை 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் கார்னிங் நிறுவனத்தின் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்டு லூயிஸ்.

★ இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில்தான் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் முதலில் கட்டாயமானது. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதே அங்கே வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் வீண்.

★ பி0420 வேறு, கன்வெர்ட்டர் அடைப்பு வேறு. வண்டிக்கு இழுவை குறைந்து மேட்டில் திணறினால், முன்சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐட்லில் 1.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று கேட்டால் தேன்கூடு உடைந்துவிட்டது.

★ பின்சென்சாரை ஒரு ஸ்பேசர் வைத்துத் தள்ளிப் பொருத்தி, விளக்கை அணைக்கும் தந்திரம் ஒன்று உலவுகிறது. செய்யாதீர்கள். விளக்கு அணையும், நச்சுப்புகை அப்படியே வெளியேறும். அமெரிக்காவில் அது சட்டத்துக்குப் புறம்பானதும்கூட.

★ எண்ணை அழிப்பதற்கு முன் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் இருந்த வேகம், இன்ஜின் வெப்பம், எரிபொருள் திருத்தம் எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். கன்வெர்ட்டர் சோதனை முடிந்ததா என்ற பதிவும் வெறுமையாகிவிடும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி அந்தச் சோதனை மறுபடி முடியும்வரை, பழுது தீர்ந்ததா என்று சொல்ல முடியாது.