பட்டறை வாசல் – 17: இன்ஜின் பார்க்கப் போன கதை

மாமாவின் லாரி 1987 மாடல் டாடா 1210. இந்த எண்ணிலேயே வண்டியின் ஜாதகம் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் சரக்கோடு சேர்த்து மொத்த எடை, 12 டன். அடுத்த இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 2003-ல் அந்த நூறு குதிரைகளில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. ஆத்தூரில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் தீவன மில்லில் இறக்கிவிட்டு வருவதற்குள் ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. பின்னால் வருகிற பைக்காரர்கள் நீலப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே எங்கள் குலத்தை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

சங்ககிரிப் பட்டறையில் இன்ஜினை இறக்கினோம். மேஸ்திரி ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் விரலை விட்டு, நகத்தைச் சுவரில் வைத்து மேல்நோக்கி இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டி நின்றது. ரிங் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவே விழுந்திருந்த படி அது. அது மட்டும் என்றால் புது ஸ்லீவ் அடித்து, போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றினால் தீர்ந்தது. கிராங்க்தான் கைவிட்டது. மூன்று முறை கிரைண்டிங் கண்ட கிராங்க். இன்னொரு முறை பிடித்தால் அந்த அளவுக்குப் பேரிங் கிடையாது. பிளாக்கிலும் சந்தேகம். இரண்டு சிலிண்டருக்கு நடுவே மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துப் பூசினார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு ஈரக் கோடு.

“வேற இன்ஜின்தானுங்ணா” என்றார் மாமாவிடம்.

அன்றே வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. மாமா மகனும் டிரைவரும் கம்மின்ஸ் கட்சி. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய 1613 ஒன்றின் கம்மின்ஸ் இன்ஜின் விலைக்கு வந்திருந்தது. டாடாவும் கம்மின்ஸும் 1993-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி ஜாம்ஷெட்பூரில் செய்கிற 6பிடி இன்ஜின் அது. பழைய வண்டியில் இருந்தது 692. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர், அதனால் அந்தப் பெயர். கொள்ளளவு 4.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கம்மின்ஸுக்கு போர் 102, கொள்ளளவு 5.9 லிட்டர், போதாததற்கு டர்போ வேறு. ஏற்றத்தில் கியர் மாற்றாமலே போகலாம் என்று டிரைவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மேஸ்திரி மறுக்கவில்லை. “வெக்கலாமுங்க. எங்க நிறுத்தறதுன்னு சொல்லுங்க” என்றார்.

பிறகு தரையில் கரித்துண்டால் வண்டியை வரைந்தார். இன்ஜின் உட்காரும் மவுண்டிங்கை வெட்டி மாற்ற வேண்டும். பெல் ஹவுசிங் சேராது. சேர்த்தாலும் கிளட்ச் தட்டும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பேச வேண்டும். இன்ஜின் ஒரு அங்குலம் முன்னே பின்னே போனால் ஜாயிண்ட் நீளம் மாறும். டர்போ வந்தால் சூடு கூடும், ரேடியேட்டர் பத்தாது. சைலன்சர் குழாயும் பத்தாது. எல்லாம் முடிந்ததும், நூறு குதிரைக்கு என்று வார்த்த கிரவுனும் பினியனும் இத்தனை இழுவையை எத்தனை நாள் தாங்கும்? கம்மின்ஸ் 2500 சுற்றுக்குள் வேலையை முடிக்கிற இன்ஜின். பழைய கிரவுன் அதைவிட வேகமாகச் சுற்றுகிற இன்ஜினுக்கு ஏற்பப் பல் வெட்டியது. இழுக்கும், ஆனால் சமதளத்தில் ஓடாது. கடைசியாக, பிரேக் அதே பழைய பிரேக்.

“ஆத்தூருக்கும் நாமக்கல்லுக்கும் எதுக்குங் தம்பி இத்தன குதிரை? கல்கத்தாவா போறீங்க?” என்று மாமா மகனைக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. அவனுக்கு முடியவில்லை. முடித்து வைத்தது ஆர்.சி. புத்தகம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருப்பவர் என்றால், அதே தயாரிப்பு, அதே ரக இன்ஜினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிப்பு மூலம் இடம் தரலாம். அவரும் 14 நாளுக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். ஒற்றை வண்டிக்காரர் முதலிலேயே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். பத்து வண்டிக்காரரைவிட ஒற்றை வண்டிக்காரருக்குத்தான் நிற்கிற ஒவ்வொரு நாளும் சோற்றில் கைவைக்கும். சட்டம் எழுதியவர்கள் வட்டிக்கு வண்டி வாங்கியதில்லை போலும். எப்படியோ, அதே 692 என்றால் ஒரு நம்பர் மாற்றத்தோடு போகும். ரகமே மாறினால் எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மாமா 692 என்று சொல்லிவிட்டார்.

சேலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் குடோன். வண்டியை உடைத்துப் பிரித்து விற்கிற இடம். நாங்கள் போனபோது இன்ஜினைக் கட்டையில் ஏற்றி, டப்பாவில் டீசல் கொடுத்து, தயாராக வைத்திருந்தார்கள். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. மாமா முகம் மலர்ந்தது. மேஸ்திரி எதுவும் பேசாமல் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிட்டீங்களாட்ட இருக்குது. நாளைக்கு வெடிய வர்றம். யாரும் தொடாதீங்க.”

தேய்ந்த இன்ஜின் சூட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும். விடியற்காலைக் குளிரில்தான் அதன் குணம் தெரியும். மறுநாள் ஆறு மணிக்கு அது பத்துத் தட்டுக்கு மேல் வாங்கி, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுத்தான் பிடித்தது. ஓடும்போதே மேஸ்திரி ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, வாயின் மேல் கவிழ்த்துச் சும்மா வைத்தார். மூடி தட்டாம்பூச்சி மாதிரி துள்ளி விழுந்தது. ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற காற்று அது. சம்பைக் கழற்றச் சொன்னார். குடோன்காரர் முனகினார். கழற்றியதும் ஸ்ட்ரெய்னர் வலையில் விரலைத் தடவி வெயிலில் நீட்டினார். ஜிகினா ஒட்டினது போல் மினுமினுப்பு. பேரிங் கரைந்து வந்த தூள். விரலை என் சட்டையில் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

நல்ல இன்ஜின் நாலாவது குடோனில் கிடைத்தது. பார்க்க அழுக்கு மூட்டை. மூடி கவிழ்த்தது கவிழ்த்தபடி லேசாக நடுங்கியது, விழவில்லை. சூடேறிய பிறகும் ஐடிலில் ஆயில் முள் கீழே படுக்கவில்லை. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. விலை பேசுவதற்கு முன் பிளாக்கில் நம்பர் அடித்த இடத்தை டீசல் துணியால் துடைத்து, எமரி போட்ட கீறல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார். அதை எந்த வண்டியில் இருந்து எடுத்தார்களோ அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும், குடோன் பில்லையும் கையில் வாங்கிய பிறகுதான் மாமாவைப் பணம் எடுக்க விட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. முதல் மூன்று இலக்கம் 692. பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “அதேதானா?” என்றார்.

“அதேதானுங்க” என்றார் மாமா.

வெளியே டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாசம் வரைக்கும் எந்த ஏற்றம் வந்தாலும் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

(அடுத்த வாரம்: பம்பு ரூம்)