கூரையே முதல் திருப்பணி

ஆலயத் திருப்பணி தொடங்கும்போது, அனுபவமிக்க ஸ்தபதியின் பார்வை வண்ணம் உதிர்ந்த சுதைச் சிற்பங்களுக்கு முன்பாக மேல்தளத்திற்கே செல்லும். தட்டோடு பெயர்ந்துள்ளதா, மழைநீர் தங்குகிறதா, விமானத்தின் இடுக்கில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறதா என்று பார்த்து, அவற்றைச் சீர்செய்த பின்னரே வண்ணப்பூச்சு. முன்னோர் விளக்கேற்றிய பழைய இல்லத்துக்கும் இவ்வரிசையே பொருந்தும்.

கம்பம் பள்ளத்தாக்கிலோ கூரைக்குச் சோதனை இருமுறை. ஆனியில் குமுளி மலையிலிருந்து சாரல் இறங்கும்; ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. கூடலூருக்கு மேலே, தமிழக - கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று மலையேறிய அன்பர்கள், கற்கள் சரிந்து சிதிலமுற்ற அத்தலத்தைக் கண்டு மனம் கலங்கியிருப்பார்கள். பேணுவாரின்றிக் கிடந்தால் கருங்கல்லுக்கே அந்நிலை என்றால், மரமும் சுண்ணாம்பும் எம்மாத்திரம்?

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவது எளிது. ஆனால் ஒழுகிய நீர், உத்திரம் சுவருக்குள் நுழையுமிடத்தில் தங்கி, மரத்தை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகச் செய்யும். தச்சர் தட்டிப் பார்த்தால் ஓசையே உண்மையைச் சொல்லிவிடும். மச்சு வீட்டின் தளம் வேறு வகை. தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மீது தட்டோடு பதித்தனர். இன்று ஒழுகினால் உடனே சிமென்ட் பூசிவிடுகிறோம்! சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, சுண்ணாம்புத் தளத்தோடு இணங்காமல் வெடிக்கும், பாரமும் கூடும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் அரிது என்பது மெய்தான். அண்மையில் கும்பாபிஷேகம் கண்ட கோயில்களில் விசாரித்தால் வழி பிறக்கும்.

கூரையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கப் பெரியவர்கள் தயங்குவர். தண்டை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுத்து முல்லைப் பெரியாற்றங்கரையில் நட்டுவிட்டால் மனக்குறை இராது.

வங்கியில் வீட்டுக் கடன் மதிப்பீடுகளைப் பல்லாண்டு பார்த்தவன் நான். தரைக்குக் கிரானைட், பூஜை அறைக்குச் சித்திரக் கதவு என்று பட்டியல் நீளும். கூரையோ கடைசி வரியில் 'சில்லறைப் பழுது'. அந்த வரியை எட்டுமுன் பணம் தீர்ந்துவிடும். அவ்விதம் புதுப்பித்த ஓர் இல்லத்தில், கணபதி ஹோமம் நடந்த அதே ஆண்டு ஐப்பசியில் கூடத்துச் சுவரில் நீர் இறங்கி, நான்கு தலைமுறையாகப் பூஜித்த தஞ்சாவூர்ப் படம் பாழாயிற்று. கிரானைட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வரும்போது, அவர்களை மாடிக்கு ஏற்றிக் காட்டுங்கள். கையிலுள்ள தொகையில் முதற்பங்கைக் கூரைக்கென ஒதுக்கி, வைகாசிக்குள் பணியை முடித்து, சுண்ணாம்பு நன்கு இறுகிய பின் நான்கைந்து குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் தூம்பு வழியே வடிந்தால், அதன்பின் வண்ணம் பூசுபவரை அழைக்கலாம்.