நீர்மோரின் உயிர்

சித்திரை வெயிலில் பட்டுக்கோட்டைப் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போடுவது தாகம் தீர்க்க மட்டும் என்றால், பானைத் தண்ணீரே போதுமே. டெல்டாவில் சாப்பாடு குழம்பு, ரசம் என்று போய் மோரில்தான் முடிகிறது; அது உண்டதைச் செரிக்க வைக்கும் என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. அந்தப் பெருமையைப் பெருங்காயத்துக்கும் இஞ்சிக்கும் கொடுத்துவிடுவது நம் வழக்கம். ஆனால் பாலை உறைய வைத்த நுண்ணுயிரிகளுக்கே அதில் முதல் பங்கு சேர வேண்டும்.

உறைமோர் விட்டதும் பாக்டீரியாக்கள் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற, பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் புரதம் திரண்டு தயிராகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களின் குடலில் லாக்டோஸை உடைக்கும் நொதி குறைவு. தயிர்ப் பாக்டீரியாக்களிடம் அந்த வேலையைச் செய்யும் நொதி உண்டு. அவற்றின் செல்சுவர் அதை இரைப்பை அமிலத்திலிருந்து ஓரளவு காத்துக் குடல்வரை கொண்டுசேர்க்கிறது. உயிருள்ள யோகர்ட் பாக்டீரியாக்கள் லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றது. வீட்டு உறைமோரில் இருக்கும் வகைகள் வீட்டுக்கு வீடு மாறினாலும் லாக்டோஸைப் புளிப்பாக்கும் தொழில் ஒன்றுதான். கடைந்து வெண்ணெயை எடுத்துவிடுவது இன்னொரு நன்மை: கொழுப்பு இரைப்பையில் உணவைத் தேக்கி வைக்கும், அது போனதால் மோர் வயிற்றுக்கு லேசாகிறது.

அப்படியானால் இஞ்சி வீணா என்று கேட்கலாம். வீணில்லை, ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குவதைக் காட்டிய ஆய்வுகளில் கொடுத்தது 1.2 கிராம் சுக்குப்பொடி. ஒரு தம்ளர் நீர்மோரில் விழும் இஞ்சித் துணுக்கில் அவ்வளவு சத்து இராது. ஆப்கானிஸ்தான், ஈரான் நாடுகளிலிருந்து வரும் பெருங்காயமும் கடையில் மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமாகவே பெரும்பாலும் கிடைக்கிறது; சிட்டிகைதான் போடுகிறோம். இவை தரும் மணமும் காரமும் நாவில் நீர் ஊறச் செய்து, வெயிலில் மந்தமான பசியைத் தூண்டுகின்றன. அதுவும் செரிமானத்தின் தொடக்கமே.

தண்ணீர் ஊற்றினால் பாக்டீரியாவும் குறையுமே என்பது அடுத்த கேள்வி. குறையும்தான், ஆனால் லாக்டோஸும் அதே விகிதத்தில் குறைகிறது. உண்மையான இழப்பு சூட்டில்தான். கொதிக்கும் மோர்க்குழம்பு ருசியானது, ஆனால் அதில் அந்த நுண்ணுயிரிகள் பிழைப்பதில்லை. நீர்மோரில் ஒரு கரண்டித் தாளிப்பைக் கொட்டினால் பானை முழுதும் சூடாகிவிடாது. எண்ணெயில் கரையும் பெருங்காய மணமும் அந்தத் தாளிப்பால் நன்றாகப் பரவும். ஊற்றும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும்: நீர்த்துப்போன புளிப்பு நோய்க்கிருமியை அடக்கும் என்று நம்ப முடியாது. மண்பானையை நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் பானை கசிந்து குளிர்வது மெதுவாகவே நடக்கும், குளிர்ச்சி குறைந்தால் மோர் சீக்கிரம் புளித்துப்போகும். அன்று கடைந்த மோரை அன்றே குடிக்கச் சொன்ன வீட்டு வழக்கம் இந்த உயிரைக் காக்கும் முறையே.