999 வருஷக் குத்தகை

குத்தகை என்றால் பத்து வருஷம், இருபது வருஷம் என்போம். 999 வருஷத்துக்கு எழுதிய குத்தகை ஒன்று உண்டு, தெரியுமா?

சிங்கப்பூரில் 1903-இல் டேங்க் ரோட்டிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அந்தப் பாதையைக் கூட்டரசு மலாய் மாநில அரசு 41 லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதைக் கைமாற்ற 1918-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். தண்டவாளம் ஓடும் நிலம் ரயில்வேக்கு 999 வருஷக் குத்தகை. ஒரே நிபந்தனை: ரயிலுக்குத்தான் பயன்பட வேண்டும்.

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. வெள்ளைக்காரனும் போய்விட்டான், அவன் எழுதிய காகிதம் மட்டும் சாகவில்லை. அங்கே ஓடிய பாதை மலேசிய ரயில்வேயிடமே இருந்தது. 1990-இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லியே இருபது வருஷம் ஓடியது. 2010-இல்தான் இரு பிரதமர்களும் பேசித் தீர்த்தார்கள். பழைய நிலத்துக்கு மாற்று நிலம்; அதை நடத்தும் கூட்டுக் கம்பெனியில் மலேசியாவுக்கு நூற்றுக்கு 60 பங்கு. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

92 வருஷம் கழித்தும் பேரம் பேச வைத்தது அந்தக் காகிதம்!

நம் கதை என்ன? தோட்டங்கள் கைமாறியபோது, மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவர் கையிலும் துண்டுக் காகிதம் இல்லை. வாய்ப்பேச்சுதான்.

இனியாவது வீடு தருகிறேன், நிலம் தருகிறேன் என்பவரிடம், "எழுத்துல கொடுங்க ஐயா" என்று கேளுங்கள். கைநாட்டு வைக்கும் முன்னே, படித்த பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.