வால் எழுத்து வியாபாரம்

கரீபியன் கடலில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மோட்டாரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அங்குவில்லா என்னும் சிறு தீவில், எண்ணெய்க் கிணறும் கிடையாது, சுரங்கமும் கிடையாது; வெண்மணல் கரையை நாடி வரும் உல்லாசப் பிரயாணிகளை நம்பியே ஜீவனம் நடத்தும் அந்தப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை 2017-ல் இர்மா என்னும் சூறாவளி சின்னாபின்னம் செய்துவிட்டுப் போயிற்று. பதினாறாயிரம் ஜனங்கள்கூடத் தேறாத இந்தத் தீவின் சர்க்கார், 2023-ஆம் ஆண்டில் தன் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது சுமார் 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலரை, இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துக்களை வைத்துச் சம்பாதித்தது. இணையதள விலாசத்தின் வாலில் புள்ளி வைத்து எழுதப்படும் ‘ஏ.ஐ.’ என்பவைதான் அந்த எழுத்துக்கள். செயற்கை நுண்ணறிவுக்கு ஆங்கிலச் சுருக்கமும் அதுவாகவே இருந்தபடியால், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்து உலகம் முழுவதும் அதே பேச்சாகப் போனபோது, அந்தத் துறையில் கம்பெனி தொடங்கிய பலரும் இந்தத் தீவுக்குக் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று.

இந்த எழுத்துக்களை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் இதில் ரசமான விஷயம். இணையம் குழந்தையாக இருந்த நாளில் காம், நெட், ஆர்க் போன்ற சில பின்னொட்டுகளே புழங்கின. முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15-ஆம் தேதி பதிவாயிற்று. தேசங்களுக்கும் தனித்தனிப் பின்னொட்டு வேண்டும் என்றபோது, அந்தப் பொறுப்பை வகித்த ஜான் போஸ்டல் என்ற கலிபோர்னிய விஞ்ஞானி, எது நாடு, எது நாடல்ல என்று தீர்ப்புச் சொல்லும் வம்பில் மாட்டிக்கொள்ளாமல், சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் ஏற்கெனவே வெளியிட்டிருந்த ஈரெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியலில் அங்குவில்லாவுக்கு ஏ.ஐ. என்று இருந்தது, பசிபிக் சமுத்திரத்திலுள்ள துவாலுவுக்கு டி.வி. என்று இருந்தது. இருவரும் லாட்டரிச் சீட்டு வாங்காமலே பரிசு பெற்றார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஆனாலும் துவாலுவுக்குப் பரிசுப் பணம் சுலபமாகக் கைக்கு வந்துவிடவில்லை. ஒன்பது பவழத் தீவுகளும் சுமார் பதினோராயிரம் ஜனங்களும் கொண்ட அந்த நாட்டுக்கு, டி.வி. பெயர்களை விற்கும் உரிமைக்காகக் கோடிக்கணக்கான டாலர் தருவதாகச் சொல்லி டொரான்டோ நகரத்துக் கம்பெனி ஒன்று முதலில் முன்வந்தது. தவணை வந்தபோது பணம் வரவில்லை. பிறகு 2000-ஆம் ஆண்டில், பில் கிராஸ் என்பவரின் ஐடியாலேப் ஸ்தாபனம் பன்னிரண்டு ஆண்டுகளில் 5 கோடி டாலர் கொடுப்பதாக உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தப் பணத்தில் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் தெரு விளக்குகள் எரிந்தன, பாதைகள் தாராயின. செலவுக்கு அஞ்சி அதுவரை எட்டியே நின்ற ஐக்கிய நாடுகள் சபையிலும் அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி 189-ஆவது அங்கத்தினராகத் துவாலு இடம் பெற்றது. உரிமை பின்னர் வெரிசைன் கம்பெனியின் கைக்குப் போனபோது, உலகமே டி.வி. எழுத்தை வைத்துக் காசு பண்ண, தங்களுக்குச் சில்லறைதான் கிடைக்கிறது என்று தீவின் மந்திரிகள் குறைப்பட்டார்கள். 2022-ல் பெயர் விற்கும் கோடாடி கம்பெனியுடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகுதான் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. அதற்குள் ட்விட்ச் போன்ற ஒளிபரப்புத் தளங்கள் அந்த வாலை உலகப் பிரசித்தமாக்கிவிட்டன.

இவையெல்லாம் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டிய கதைகள். பிரசாரத்தால் ஒரு பின்னொட்டை நிலைநாட்டிவிடலாம் என்று நம்பி இறங்கியவர்களின் கதை வேறு மாதிரியானது. அவற்றுள் டாட் மொபியின் சரித்திரம் விசேஷமானது. கைப்பேசியில் பார்ப்பதற்கென்று தனித் தளங்கள் வேண்டும், அவற்றுக்கென்று தனிப் பின்னொட்டும் வேண்டும் என்ற எண்ணத்தோடு, நோக்கியா, மைக்ரோசாஃப்ட், கூகுள், வோடஃபோன், சாம்சங் முதலிய மகா ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி முதல் போட்டு, 2006-ல் விற்பனையைத் திறந்தார்கள். இத்தனை பெரிய கைகள் தாங்கும்போது விழுமா என்று பெயர் வாங்கி விற்போர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். ‘ஃபிளவர்ஸ் டாட் மொபி’ என்ற ஒரு பெயர் அந்த ஆண்டு ஏலத்தில் 2 லட்சம் டாலருக்குப் போயிற்று. மறு ஆண்டு ஜூனில் ஐபோன் கடைக்கு வந்தது. கணினிக்கு எழுதிய பக்கத்தையே அது சின்னத் திரையில் விரித்துக் காட்டிவிட்டபடியால், கைப்பேசிக்கென்று தனித் தளம் எதற்கு என்ற கேள்வி பிறந்தது. அந்தக் கேள்விக்கு டாட் மொபியிடம் பதில் இல்லை. இரண்டு லட்சத்துக்கு வாங்கிய அந்தப் பூக்கடைப் பெயர் சில ஆண்டுகள் கழித்து ஏழாயிரம் டாலருக்கும் குறைவாகக் கைமாறியது.

அந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பும் உண்டு. டாட் மொபிப் பெயர்கள் யார் வசம் உள்ளன என்று விசாரித்துச் சொல்லும் சர்வரின் பழைய விலாசத்தை, புது விலாசத்துக்கு மாறிய பிறகு புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். 2024-ல் வாட்ச்டவர் என்னும் கணினிப் பாதுகாப்புக் கம்பெனியினர் 20 டாலர் கொடுத்து அதை வாங்கி வைத்தபோது, உலகெங்கும் உள்ள லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள், சர்க்கார்கள், ராணுவங்களின் கணினிகள் உட்பட, அந்தப் பழைய விலாசத்தையே இன்னும் நம்பித் தகவல் கேட்டுக்கொண்டிருந்தன. ஊராருக்கெல்லாம் பெயர் விற்றவர்கள் தங்கள் பெயரைப் புதுப்பிக்க மறந்தார்கள்!

2012-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் ஸ்தாபனம் புதுப் பின்னொட்டுகளுக்குக் கதவை அகலத் திறந்தது. விண்ணப்பம் ஒன்றுக்கு 1,85,000 டாலர் கட்டணம் என்று சொல்லியும் 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒரே பின்னொட்டைப் பலர் கேட்ட இடத்தில் ஏலம் நடந்தது. மொய் எழுதுகிறவர் மேலே ஒன்று சேர்ப்பதுபோல, கூகுள் 2 கோடியே 50 லட்சத்தோடு ஓராயிரமும் சேர்த்து டாட் ஆப்பை எடுத்தது. டாட் வெப் 13 கோடியே 50 லட்சம் டாலருக்குப் போய், வருஷக்கணக்கான வியாஜ்யத்தில் சிக்கிக்கொண்டது. அடுத்த சுற்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர்.

இப்படிப் புதுப் பின்னொட்டு பெற்றவர்களில், பிரசாரத்தில் எக்ஸ்-ஒய்-இசட் பின்னொட்டுக்காரரை மிஞ்சியவர் இல்லை. 2014-ல் ஒரு விற்பனைக் கம்பெனி, டாட் காம் வைத்திருந்த தன் வாடிக்கைக்காரர்களுக்கு, அவர்கள் கேளாமலே அதே பெயரை இந்தப் புது வாலோடு இலவசமாகக் கணக்கில் ஏற்றிவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட் ‘ஏபிசி டாட் எக்ஸ்-ஒய்-இசட்’ என்ற விலாசத்தில் பிரவேசித்தபோது கிடைத்த கௌரவம், எத்தனை கோடி விளம்பரத்துக்கும் கிடைத்திராது. பிறகு சென்ட் கணக்கில் விலை வைத்து விற்றதில் எண்ணிக்கை வானளாவியது. அடுத்த ஆண்டு முழுக் கட்டணம் கேட்டதும் பெருங்கூட்டம் கலைந்துவிட்டது.

அரசாங்க ஆதரவும் ஒரு பின்னொட்டைப் பரப்பிவிடுவதில்லை. தமிழ் எழுத்திலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று மூன்று பின்னொட்டுகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மூன்றும் அரசாங்க ஆதரவு உள்ளவை. இருந்தும் தமிழ்நாட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பலகையில் அவற்றைக் கண்டவர் வெகு சிலராகவே இருக்கவேண்டும். தமிழில் எழுதிய மின்னஞ்சல் முகவரியைப் பல தளங்களின் படிவங்கள் செல்லாதென்று தள்ளிவிடுகிற வரையில் வியாபாரி அதை ஏன் தொடப் போகிறார்?

இந்த வியாபாரத்தில் பணம் போட நினைப்பவர் முதலில் அறியவேண்டியது, இங்கே எதையும் யாரும் கிரயத்துக்கு வாங்குவதில்லை என்பது. பின்னொட்டை ஆளும் ரெஜிஸ்ட்ரியிடமிருந்து, ரெஜிஸ்ட்ரார் என்னும் சில்லறைக் கடைக்காரர் மூலமாக, காலக் கெடுவோடு குத்தகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். ஏ.ஐ. பெயருக்கு ரெஜிஸ்ட்ரியின் விலை 2024-ல் இரண்டாண்டுக்கு 140 டாலராக இருந்தது. அந்த விலைக் கணக்கில் நூறு பெயர் பிடித்து வைத்திருப்பவர், அவற்றில் ஒன்றுகூட விலை போகாவிட்டாலும், இரண்டாண்டுக்கு ஒருமுறை 14,000 டாலர் கட்டியாக வேண்டும். ‘யூ டாட் ஏஐ’ 7 லட்சம் டாலருக்கு விற்றது என்ற செய்தி எல்லோர் காதிலும் விழுகிறது. விலை போகாமல் காலாவதியான பெயர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. டாட் காமின் மொத்த விலைக்காவது ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்கிறது. புதுப் பின்னொட்டுகளுக்கு அதுவும் இல்லை. 2017-ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற கம்பெனி தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பன்மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்தபோது, கோடாடி அவற்றை விற்பதையே நிறுத்திவிட்டது. வாங்கி வைத்தவர்கள் திகைத்துப் போனார்கள். பெயர் விலை ஏறினாலும் இறங்கினாலும் ரெஜிஸ்ட்ரிக்கு வரவேண்டியது வந்துவிடுகிறது. ஊகத்தின் நஷ்டம் முழுவதும் குத்தகைதாரரைச் சேர்ந்தது. ஆகவே ஒரு பின்னொட்டில் எத்தனை பெயர் பதிவாகியிருக்கிறது என்ற கணக்கைவிட, அந்தப் பெயர்களில் எத்தனையில் நிஜமான கடையோ பத்திரிகையோ நடக்கிறது, முதலாண்டுச் சலுகை முடிந்தபின் எத்தனை பேர் புதுப்பித்தார்கள் என்பதையே நான் பெரிதாக மதிப்பேன்.

தேசப் பின்னொட்டுகளுக்கு ராஜீய சங்கடமும் உண்டு. யுகோஸ்லாவியா சிதறிய பிறகு அதன் ஒய்.யூ. பின்னொட்டை 2010-ல் அடியோடு நீக்கிவிட்டார்கள். சோவியத் யூனியன் மறைந்தும் அதன் எஸ்.யூ. மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது. கணினித் துறையினர் ஆசையோடு வாங்கும் ஐ.ஓ. என்பது, அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றிவிட்டு ராணுவத் தளம் அமைத்த சாகோஸ் தீவுகளின் பின்னொட்டு. அந்தத் தீவுகளின் ஆட்சியுரிமையை மொரீஷியஸுக்கு அளிக்க 2025 மே மாதம் பிரிட்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி ஈரெழுத்துப் பட்டியலிலிருந்து மறைந்தால் எழுத்தும் மறையுமா, எஸ்.யூ. போலப் பிழைக்குமா என்று நிபுணர்களே வாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் நடக்க, ஐ.ஓ. பெயர்கள் டாட் காமைப்போல மூன்று நான்கு மடங்கு விலையில் தினந்தோறும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.